சிப்பியைப் பார்த்து ஒரு வலுவான கலப்புப் பொருள் செய்வோம்

சிப்பியின் உட்புறத்தில் பளபளக்கும் அடுக்குக்கு நேக்கர் என்று பெயர். அதில் ஏறத்தாழ 95 சதவீதம் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட், தனியாக எடுத்தால் சட்டென்று நொறுங்கிவிடும் கனிமம். மிச்சம் புரதமும் கைட்டின் என்ற நார்ப்பொருளும். அரை மைக்ரான் தடிமனுள்ள அரகோனைட் தட்டுகள் செங்கல் சுவர் மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கப்பட்டிருக்கும், இடையில் இருக்கும் புரதம் இழுபட்டுக் கொடுக்கும், அதனால் விரிசல் நேராக ஓட முடியாமல் தட்டுகளைச் சுற்றிச் சுற்றி அலைந்து சக்தியை இழந்துவிடும். இதே அமைப்பைப் பீங்கான் தட்டுகளையும் பசையையும் வைத்து நாம் செய்யப் போகிறோம். தட்டு உடையக் கூடாது, நகர வேண்டும்: இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தட்டின் அளவு

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். தட்டின் இழுவலிமையை (இழுத்தால் முறியாமல் தாங்கும் அளவு) பசையின் ஷியர் வலிமையால் (தட்டுகள் பக்கவாட்டில் நழுவாமல் தாங்கும் அளவு) வகுங்கள். பீங்கான் தட்டு 100 மெகாபாஸ்கல், பசை 10 மெகாபாஸ்கல் என்றால் விடை 10. அதாவது 1 மி.மீ. தடிமனுள்ள தட்டின் நீளம் 10 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும், 8 வைத்தால் நிம்மதி. அதைவிட நீளமானால் பசை நெகிழும் முன்பே தட்டு முறிந்துவிடும், ரொம்பக் குட்டையானாலோ வலிமை போய்விடும்.

2. பசை

பலரும் இருப்பதிலேயே இறுக்கமான பசையைத் தேடுகிறார்கள், அது தவறு. காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழும் பாலியூரிதேன் வகை நல்லது. நேக்கரே கூட ஈரமாக இருக்கும்போதுதான் விரிசலை அதிகம் தாங்கும், ஏனென்றால் அப்போது புரதம் இளகி இருக்கும்.

3. அடுக்குதல்

பீங்கானை ஈரமாக வைத்தே வெட்டுங்கள், முகக்கவசம் கட்டாயம். தட்டுகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். நேக்கர் தட்டுகளும் வழவழப்பாக இருப்பதில்லை, அவற்றின் நுண்ணிய மேடுகள்தான் நழுவலைக் கட்டுப்படுத்துகின்றன. பசையை மெல்லிசாகப் பூசி, மேல் வரிசையைப் பாதித் தட்டு தள்ளி வையுங்கள். அப்புறம் சீரான எடை வைத்து முழுதாகக் காயவிடுங்கள்.

4. சோதனை

இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்து நடுவில் எடை ஏற்றுங்கள், அதே தடிமனுள்ள ஒற்றைப் பீங்கானோடு ஒப்பிட்டு. ஒற்றைப் பீங்கான் ஒரே வெடிப்பில் போகும். உங்களுடையது கொஞ்சம் வளைந்து, படிப்படியாக விட்டுக்கொடுத்தால் சரி.

உடைந்த முகத்தையும் அவசியம் பாருங்கள். தட்டுகள் முழுசாக உருவி வந்திருந்தால் கணக்கு பலித்தது. தட்டுகளே முறிந்திருந்தால் நீளத்தைக் குறையுங்கள். தட்டில் பசையின் சுவடே இல்லாமல் உரிந்திருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பி, தேய்ப்பதையும் துடைப்பதையும் இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.