ஏரிக்கரையில் கண்ணை உறுத்தாத படகுக் கொட்டகை

பொது ஏரிக்கரையில் படகுக் கொட்டகை கட்டப் போகிறீர்களா? வரைபடத்தில் கை வைக்கும் முன் எதிர்க்கரைக்குப் போய் நின்று பாருங்கள். நிறையப் பேர் கட்டடத்தை அங்கிருந்துதான் பார்க்கப் போகிறார்கள், அதுவும் தண்ணீரில் விழும் பிம்பத்தோடு சேர்த்து. ஒரு அடி உயரம் கூட்டினால் அங்கே இரண்டு அடி கூடினது மாதிரி தெரியும். கூரை முகடு பின்னாலுள்ள மரங்களைத் தாண்டவே கூடாது.

உயரத்தைக் குறைத்துவிடலாம், நீளம்தான் பாடாய்ப் படுத்தும். எட்டுப் பேர் துடுப்பு போடும் பந்தயப் படகு கிட்டத்தட்ட 17 மீட்டர், ஒருவர் ஓட்டுவதே 8 மீட்டர் வரும். அந்த நீளச் சுவரைக் கரையோரமாக நீட்டிவிட்டால் நடக்க வருகிறவர்களுக்கு ஏரியே மறைந்துபோகும். குறுகிய பக்கத்தைத் தண்ணீர் பார்க்க வையுங்கள். படகும் திரும்பாமல் நேராக வெளியே வரும். ஒரே பெரிய கொட்டகைக்குப் பதில் ஒடுக்கமாக இரண்டு கட்டி நடுவில் இடைவெளி விட்டால், அந்தச் சந்து வழியாக ஏரி தெரியும். நடைபாதையைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். கரை எல்லோருக்கும் சொந்தம், பாதை தண்ணீர்ப் பக்கமே போகட்டும். படகைத் தூக்கிக்கொண்டு கடக்கும் இடத்தில் மட்டும் அதை அகலமாக்கினால் போதும்.

சரி, நிறம். பச்சை அடித்தால் மரங்களோடு கலந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இலையின் பச்சை வெயிலுக்கும் பருவத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும், பெயின்ட் மாறாது. கரும்பழுப்பு, கரிச்சாம்பல் போன்ற நிறங்கள்தான் மர நிழலுக்குள் அடங்கும். பெயின்ட் இல்லாத மரப்பலகையும் வெயில் மழை பட்டுச் சில வருடங்களில் தானாகவே சாம்பல் நிறமாகிவிடும். பளபளக்கும் தகரக் கூரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கரையில் மண் கொட்டி மேடாக்காமல் தூண்கள் மேல் நிறுத்துங்கள். நாணலும் கோரையும் பிழைக்கும், கட்டடத்தின் அடிப்பாகத்தையும் அவையே மறைத்துவிடும். தரைமட்டம் அதிகபட்ச வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மரத்தூண் எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் பகுதியில் சீக்கிரம் உளுத்துப்போகாது. நீர்மட்டம் ஏறி இறங்க, நனைந்து காய்ந்து நனைகிற அந்தப் பட்டையில்தான் உளுக்கும். அந்த உயரம் வரைக்கும் கான்கிரீட் தூண், அதற்கு மேல் மரம் என்று வைப்பது நல்லது.

அப்புறம், கொட்டகை பெரும்பாலான நேரம் பூட்டியேதான் கிடக்கும். வெறும் ஷட்டரை மட்டும் காட்டாமல், பக்கச் சுவரில் கூரையை நன்றாக வெளியே இழுத்து அடியில் ஒரு நீளத் திண்ணை போடுங்கள், படகு ஓட்டாதவர்களும் வந்து உட்காருவார்கள். இரவு விளக்கு தரையைப் பார்த்து மட்டும் எரியட்டும், தண்ணீர்ப் பக்கம் ஃப்ளட் லைட் வேண்டாம்.