பக்கவாதத்துக்குப் பின் தடுமாறாமல் நிற்க: வீட்டிலேயே பழகும் முறை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய புதிதில், அவரை எழுப்ப நாங்கள் விழுந்த கையை, அதாவது செயலிழந்த கையைப் பிடித்துத்தான் இழுத்தோம். அது பெரிய தவறு. தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு நழுவும். பிடிப்பதானால் இடுப்பில் பிடியுங்கள். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட் கட்டிவிட்டால் இன்னும் வசதி.

டாக்டரும் பிசியோவும் (பிசியோதெரபிஸ்ட்) சரி என்ற பிறகே தொடங்குங்கள். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். வழுக்கும் சாக்ஸ், ஹவாய் செருப்பு, தரையில் புரளும் வேட்டி எதுவும் வேண்டாம். துணைக்கு நிற்பவர் விழுந்த பக்கமாக, சற்றுப் பின்னால் நிற்கவேண்டும்.

1. உட்கார்ந்தபடி: கெட்டியான மர நாற்காலி, இரண்டு பாதங்களும் தரையில். நல்ல கையால் எட்டி, விழுந்த பக்கத்தில் வைத்த டம்ளரை எடுக்கச் சொல்லுங்கள். உடல் எடை அந்தப் பக்கம் சாயவேண்டும், அவ்வளவுதான்.

2. எழுந்து உட்கார: எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் பயிற்சி இல்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நல்ல காலை மட்டும் அரையடி முன்னே தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காலே எல்லா வேலையையும் செய்துவிடும். விழுந்த கால் சும்மா இருக்கும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது, மெதுவாக இறங்கவேண்டும். முதலில் ஐந்து முறை, பழகியதும் பத்து.

3. நின்றபடி: முன்னால் சமையல் மேடை, பின்னால் நாற்காலி. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள். அப்புறம் நல்ல காலைத் தூக்கி மணைப்பலகை மேல் வைத்து எடுக்கவேண்டும். அந்த நொடியில் விழுந்த கால்தான் உடலைத் தாங்கும். முழங்கால் மடங்கலாம், துணைக்கு நிற்பவர் கவனமாக இருக்கவேண்டும்.

4. டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நிற்பது, நடப்பது. இதற்கு அவசரப்படாதீர்கள்.

முன்னேற்றத்தை அளக்க பெர்க் என்றொரு சோதனை உண்டு: 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை, மொத்தம் 56 மதிப்பெண். பிசியோவிடம் கேட்டுப் பாருங்கள்.

தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ அடங்காவிட்டாலும், புதிதாக வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ, தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எண்ணி எண்ணிச் செய்வது அப்பாவுக்கு அறவே பிடிக்காது. அதனால் அம்மா அவரை மேடையருகே நிறுத்தி அரிசியில் கல் பொறுக்கச் சொல்வார். அவர் பார்க்காத நேரம் பார்த்து, தட்டை விழுந்த பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவார்.