வற்றிய ஏரியில் மீன் பிடிக்க இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசிக் கடைசியில் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கும். சித்திரை பிறப்பதற்குள் பல ஏரிகளில் மதகோரம் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். மீன்பாசி, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர் கட்லாவையும் ரோகுவையும் வாரிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருக்கும் விராலுக்கும் கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் ஊரே இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி தளும்பி நிற்கும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. கரைப்பக்கம் போகும் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் அதட்டி நிறுத்துகிறார்கள். வற்றிய ஏரிக்கு யாரும் பயப்படுவதில்லை. காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்ற நம்பிக்கையோடு இறங்குகிறார்கள். ஆளைச் சிக்கவைப்பது பெரும்பாலும் அந்த நம்பிக்கைதான். வட ஆர்க்காட்டு ஏரிகளை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில், எந்தெந்த இடத்தில் அது பொய்க்கிறது என்று சொல்கிறேன்.

காய்ந்த சேற்றுப் பொறுக்கைத் தரை என்று நினைப்பது

ஏரிச் சேறு மேலிருந்து கீழாகக் காயும். வெயில் பட்ட மேற்பரப்பு நாலு விரல் கனத்துக்குப் பாளம் பாளமாக வெடித்து, பார்ப்பதற்குக் கட்டாந்தரை போல நிற்கும். அதற்கு அடியில் களிமண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு கூழாகவே கிடக்கும். ஆடு நடந்த குளம்படி இருக்கிறதே என்று காலை வைக்கிறவர்கள், ஆட்டின் எடையையும் தங்கள் எடையையும் ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தோளில் நனைந்த வலையும் கையில் மீன் கூடையும் இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து கிலோ கூடும்.

கனடாவிலும் பின்லாந்திலும் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விடுகிறார்கள். கண்ணாடி போலத் தெளிந்த கெட்டிப் பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் அதன்மேல் ஓர் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வெளுத்த பனிக்கட்டி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். ஓர் இடத்தில் கெட்டியாக இருக்கும் பனிக்கட்டி, பத்தடி தள்ளி மெலிந்திருக்கும். அதனால் துளை போட்டு அளந்து அளந்துதான் முன்னேறுவார்கள். நம் ஏரிச் சேற்றின் குணமும் இதேதான். அளக்கும் பழக்கம்தான் நமக்கு வரவில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆறடி மூங்கில் கழி போதும். அடுத்த அடி வைக்கும் இடத்தில் கழியை ஊன்றி, இரண்டு கையாலும் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். ஒரு முழத்துக்கு மேல் இறங்கினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சில அடையாளங்களும் உண்டு. வெடிப்புக்குள் ஈரம் மின்னுவது, மண் கருத்திருப்பது, சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகும் கோரையும் சம்பும் ஓர் இடத்தில் மட்டும் பச்சையாக நிற்பது, மிதித்த பாளத்தோடு பக்கத்துப் பாளமும் சேர்ந்து அசைவது. கடைசியாகச் சொன்னதைக் கண்டால் மேலே யோசிக்காமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

சிக்கிக்கொண்டால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஒரு காலை ஊன்றி இன்னொரு காலைப் பிடுங்குவது. பிடுங்கிய கால் வருவதற்குள் ஊன்றிய கால் தொடை வரை போய்விடும். பலம் உள்ள இளைஞர்கள் இதில் இன்னும் வேகமாக இறங்குவார்கள். சேற்றுக்குள் காலைச் சுற்றி வெற்றிடம் உண்டாகி உறிஞ்சிப் பிடிப்பதுதான் காரணம். செய்ய வேண்டியது வேறு. கையில் உள்ளதையெல்லாம் எறிந்துவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்து மல்லாந்துகொள்ளுங்கள். கழியை முதுகுக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். எடை பரவினால் உடம்பு மேலும் இறங்காது. பிறகு மாட்டிய காலைச் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கிப் பிடி தளரும். நேரம் ஆகும், ஆகட்டும். கால் வந்ததும் எழுந்து நிற்காமல் உருண்டோ தவழ்ந்தோ வந்த வழிக்குப் போங்கள். உதவிக்கு வருகிறவர்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஏணி, பலகை, தென்னை மட்டை எது கிடைத்தாலும் சேற்றின் மேல் படுக்கப் போட்டுக் கொடுங்கள்.

“போன வருஷம் இங்கேதான் நடந்தோம்”

இந்தப் பேச்சைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏரியின் அடித்தளம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. 2017 முதல் விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் அனுமதி பெற்று ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது. திட்டம் நல்லது, ஏரிகளும் ஆழமாகின்றன. ஆனால் அனுமதித்த ஆழத்தோடு நிறுத்தாத இடங்களும் உண்டு. அனுமதியே இல்லாமல் இரவில் பொக்லைன் இறங்கும் இடங்களும் உண்டு. அவை விட்டுப் போவது செங்குத்தாக வெட்டிய பள்ளங்கள். அடுத்த மழையில் தண்ணீர் நிறைந்து, கலங்கிய நீரில் பள்ளமும் மேடும் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். பள்ளத்தின் சுவரோ வழுக்கும் களிமண். பற்றி ஏற முடியாது.

பாலாற்றிலும் இதே கதைதான், மண்ணுக்குப் பதில் மணல். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு என்பதால் அதை ஆறாகவே பலர் மதிப்பதில்லை. மணல் அள்ளிய குழிகளில் தேங்கும் நீர் அமைதியாகத்தான் தெரியும். விளிம்பில் நின்றால் மணல் காலோடு சரிந்து உள்ளே தள்ளும். 2021 நவம்பரில் ஓடிய பெருவெள்ளம் போல ஒன்று வந்தால் பழைய குழி தூர்ந்து புதுக்குழி வேறிடத்தில் விழுந்திருக்கும். பழகிய இடம் என்பதற்கு அதன் பிறகு பொருளில்லை.

ஏரியின் உள்வாயில், அதாவது நீர் பரவும் பகுதியில், பட்டா நிலங்கள் இருக்கும் ஊர்களில் இன்னொரு ஆபத்து: சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள். தண்ணீர் ஏறிய பிறகு அவை இருப்பதே தெரியாது. வெளியூர்க்காரர்கள் இறங்கும் முன் மதகைத் திறந்து வயலுக்கு நீர் விடும் அந்த ஏரியின் நீர்க்கட்டியையோ, ஏலம் எடுத்தவரையோ, அங்கே மாடு மேய்ப்பவரையோ கேளுங்கள். எங்கே தோண்டினார்கள், எங்கே கிணறு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கரையோரம் ஆழமில்லை என்று நினைப்பது

கடற்கரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓரம் ஆழமில்லாததாகவும் நடு ஆழமாகவும்தான் தோன்றும். நம் ஏரி அப்படிப்பட்டதில்லை. சரிந்து வரும் நிலத்தின் குறுக்கே கரை போட்டு நீரைத் தடுத்ததுதான் ஏரி. ஆகவே ஆழம் அதிகம் இருப்பது கரையின் காலடியில், மதகுக்கு அருகில். எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் பக்கம்தான் மேடு. கரையை உயர்த்த மண் வேண்டியபோதெல்லாம் உட்புறம் கரையை ஒட்டியே வெட்டியிருப்பதும் வழக்கம். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரியானாலும் ஊராட்சியின் சின்ன ஏரியானாலும் அமைப்பு இதுதான். கரைக்கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர் பாசியில் வழுக்கினால், ஏரியிலேயே ஆழமான இடத்தில்தான் விழுகிறார். மதகு திறந்திருக்கும்போது அதன் வாயருகே இறங்கவே கூடாது. மேலே நீர் அசையாமல் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும்.

ஏரி நிரம்பிக் கோடி போகும் நாளில், அதாவது மிகுதி நீர் வழிந்தோடும் நாளில், கூட்டம் கூடும், கிடா வெட்டிப் பூசை நடக்கும், துள்ளி ஏறும் கெண்டையைப் பிடிக்கப் பையன்கள் வலையோடு நிற்பார்கள். கோடிக்குக் கீழே விழும் நீர் பல வருடங்களாகக் குடைந்து குடைந்து மடு ஆக்கியிருக்கும். நுரையும் சுழலும் இருப்பதால் நீந்தத் தெரிந்தவரையும் அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். மீனை நீர் அமைதியாகும் இடத்துக்கு இறங்கிப் போய்ப் பிடியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீச்சு வலையின் கயிற்றை மணிக்கட்டில் முடிச்சுப் போடாதீர்கள். அடியில் வேலிக்கருவைக் கட்டையில் வலை மாட்டினால் உதறிவிட முடிய வேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்த பரப்பின் ஓரம் தெரியாது, உள்ளே வேர் காலைச் சுற்றும், அங்கே நுழையாதீர்கள். கைவிட்ட கல் குவாரியில் தூண்டில் போடுவதையே விட்டுவிடலாம், ஏறி வரப் படியோ சரிவோ அங்கே இருக்காது. மின்கம்பியில் கொக்கி போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அது குற்றம். அந்தத் தண்ணீரில் மாடு குடிக்க இறங்கும், குழந்தையும் இறங்கும்.

காப்பாற்றக் குதிப்பது

ஒருவர் மூழ்க, அவரைத் தூக்கப் போன தம்பியும் மூழ்க, மூன்றாவதாக நண்பனும் போனதாகச் செய்திகளில் படிக்கிறோம். மூழ்குகிறவர் கைக்கு எட்டியதைப் பற்றி ஏறப் பார்ப்பார். அது உங்கள் கழுத்தாக இருக்கும். பயிற்சி இல்லாதவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் படுத்துக்கொண்டு கழியையோ, முறுக்கிய வேட்டியையோ, கயிற்றையோ நீட்டுங்கள்.

எட்டாத தூரம் என்றால் மிதக்கும் பொருளை வீசுங்கள். தண்ணீரில் மனித உடம்பின் எடை பெருமளவு குறைந்துவிடுவதால், தலையை மேலே வைக்கச் சில கிலோ மிதப்பு போதும். வாய் இறுக மூடிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏறக்குறைய 20 கிலோ மிதப்புத் தரும். மூடிய 5 லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் ஓர் ஆளுக்குப் போதுமானது. மீன் பிடிக்கப் போகும்போது கேனின் பிடியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வைத்திருங்கள். பக்கத்தில் இன்னொருவர் 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் அழைக்கட்டும்.

மேலே கொண்டுவந்த பிறகு வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் ஊரில் இன்னும் நடக்கிறது. வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கத்தான் அது உதவும். மூச்சு இல்லையென்றால் உடனே தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்குங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் குறைவது பிராணவாயு. அதன் பிறகு நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாலும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். நுரையீரலுக்குள் போன ஏரித் தண்ணீர் சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறலைக் காட்டும். மருத்துவமனையில் எவ்வளவு நேரம் மூழ்கியிருந்தார், நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா, மது குடித்திருந்தாரா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குக் கூட வந்த நண்பர்கள் மழுப்புவார்கள். மருத்துவர் போலீஸ்காரர் இல்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.