ஆக்சில் உடையாமல், கிளட்ச் கருகாமல் டிராக் காரைக் கிளப்புவது எப்படி?

புதிதாக டிராக் கார் (drag: நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்க்கோட்டில் ஓடும் பந்தயக் கார்) கட்டுகிறவர்கள் செலவு செய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் டர்போ, அடுத்து ஸ்லிக் டயர், அப்புறம் "இவ்வளவு பவரைத் தாங்கணுமே" என்று கடையில் இருப்பதிலேயே முரட்டுக் கிளட்ச். நான்காவது செலவு ஆக்சில். அதை யாரும் திட்டமிடுவதில்லை, அதுவாக வந்து சேரும். நானும் இதே வரிசையில்தான் போனேன்.

ஆக்சில் உடைவதும் கிளட்ச் தேய்வதும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள். கார் நிற்கிறது, இன்ஜின் 5,500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. இந்த இரண்டு வேகங்களும் ஒன்றாக வேண்டுமென்றால் இடையில் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். டயர் வழுக்கினால் நேரம் போகும். கிளட்ச் வழுக்கினால் அது சூடாகும். இரண்டுமே வழுக்காவிட்டால் உலோகம் உடையும். எது, எவ்வளவு நேரம் வழுக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யாவிட்டால் கார் முடிவு செய்துவிடும்.

உதாரணத்துக்கு அமெரிக்க டிராக் ஓடுதளங்களில் எங்கும் காணக்கூடிய ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: 1980-களின் கடைசியில் வந்த ஃபாக்ஸ் பாடி ஃபோர்டு மஸ்டாங் 5.0. பின்னால் 8.8 அங்குல டிஃபரன்ஷியல், முன்னால் டி-5 கியர்பாக்ஸ். உங்கள் கார் வேறாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

படி 1: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். இன்ஜின் டார்க் 610 நியூட்டன் மீட்டர் என்று வைப்போம். டி-5-இன் முதல் கியர் 3.35, பின் டிஃபரன்ஷியல் 3.73. மூன்றையும் பெருக்கினால் சுமார் 7,600 நியூட்டன் மீட்டர். இரண்டு ஆக்சிலும் பங்கு போட்டால் ஆளுக்கு 3,800. பயமுறுத்தும் எண்தான், ஆனால் இது மட்டும் ஆக்சிலை உடைப்பதில்லை.

உடைப்பது இன்னொன்று. கிராங்க், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் எல்லாம் சேர்ந்து சுற்றும் எடை ஒன்று இருக்கிறதே, அது ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. அதன் நிலைமத்திருப்புத்திறன் (சுற்றும் வேகம் மாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு) 0.2 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொள்வோம். கிளட்சை விட்டதும் இன்ஜின் 5,500-இலிருந்து 3,000 ஆர்பிஎம்முக்கு இறங்குகிறது. இந்த இறக்கம் 0.05 நொடியில் நடந்தால், இன்ஜின் கொடுக்கும் 610-க்கு மேல் இன்னும் சுமார் 1,050 நியூட்டன் மீட்டர் கியர்பாக்சுக்குள் போகிறது. அதே இறக்கம் அரை நொடியில் நடந்தால் கூடுதலாகப் போவது 105 மட்டும்.

அதே இன்ஜின், அதே ஆர்பிஎம், அதே டயர். நேரத்தைப் பத்து மடங்கு நீட்டினோம், அடி பத்தில் ஒன்றாகக் குறைந்தது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். டி-5 கியர்பாக்ஸ் தாங்குவதாகக் கணக்கு வைத்தது சுமார் 400 நியூட்டன் மீட்டர்தான் என்பதையும் சேர்த்து யோசித்தால், அது ஏன் அவ்வளவு எளிதில் பல் கொட்டுகிறது என்பது புரியும்.

படி 2: கிளட்சைத் தேவைக்குத் தகுந்தபடி வாங்குங்கள்

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைப் பிடிக்கும் என்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது: அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, தட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் விடை. 610 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கு 1,600 பிடிக்கும் கிளட்சைப் போட்டால் என்ன ஆகும்? சேமித்த ஆற்றல் முழுவதும் ஒரே இடியாக ஆக்சிலுக்குப் போகும், நடுவில் தடுக்க ஆளில்லை. 750 பிடிக்கும் கிளட்ச் என்றால் 750-க்கு மேல் அது கடத்தாது, வழுக்கிவிடும். அதாவது கிளட்ச்தான் வண்டியின் ஃபியூஸ். வீட்டில் ஃபியூஸ் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்போமா?

அதற்காக ரொம்பவும் மெலிந்ததையும் வாங்கக் கூடாது. மேல் கியர்களில் முழு ஆக்சிலரேட்டரில் வழுக்குகிற கிளட்ச் ஒரே நாளில் கருகும். எளிய சோதனை ஒன்று: ஓடுதளத்திலோ டைனோவிலோ (காரை நிற்க வைத்தே பவரை அளக்கும் கருவி) நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதியுங்கள். கார் வேகம் ஏறாமல் டாக்கோ (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) முள் மட்டும் தாவினால் கிளட்ச் போதவில்லை.

பொருளைப் பொறுத்தவரை என் கருத்து இது. ஆர்கானிக் தட்டு இதமாகப் பிடிக்கும், ஆனால் அதிகச் சூட்டில் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். செராமிக் பட்டன் வைத்தவை சூடு தாங்கும், ஆனால் கடி முரட்டுத்தனமானது. ஆக்சில் உடைக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. வழுக்கவே செய்யப்பட்ட சின்டர்டு இரும்புத் தட்டு டிராக் வேலைக்குச் சரியானது, சாலையில் ஓட்டக் கொஞ்சம் சங்கடம். தினமும் ஓட்டும் காரையே வார இறுதியில் டிராக்குக்கு எடுத்துப் போகிறவர் ஆர்கானிக்கில் ஆரம்பிக்கலாம். எதைப் போட்டாலும் தயாரிப்பாளர் சொல்லும் தூரம்வரை சாதாரணமாக ஓட்டிப் பழக்கிவிட்டுத்தான் ஓடுதளத்துக்குப் போக வேண்டும். ஆர்கானிக்குக்குச் சுமார் 800 கிலோமீட்டர் சொல்வார்கள். பொறுமை வராது என்று தெரியும்.

பவர் ஏற ஏற இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சரிசெய்யக்கூடிய சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். இதில் ஸ்பிரிங் அழுத்தத்தைக் குறைவாக வைத்துவிட்டு, கிளட்சின் "விரல்கள்" எனப்படும் நெம்புகோல்களில் சின்ன எடைகளைத் தொங்கவிடுவார்கள். கிளம்பும்போது ஆர்பிஎம் குறைவு, அதனால் வழுக்கும். வேகம் ஏறும்போது அந்த எடைகள் வெளியே தள்ளி அழுத்தத்தைக் கூட்டும். ஆர்பிஎம் இரட்டித்தால் எடைகளின் விசை நான்கு மடங்கு, ஆகவே மேல் கியர்களில் நன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது வழி மலிவானது: பெடல் திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் டேம்பர். நீங்கள் காலைச் சட்டென்று எடுத்தாலும், தட்டு பிடிக்கத் தொடங்கும் அந்தக் கடைசித் தூரத்தைப் பெடல் மெதுவாகவே கடக்கும். படி 1-இல் பார்த்த 0.05 நொடியை அரை நொடியாக நீட்டுவது இதுதான். தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதையே. காலால் அந்த நேரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வழுக்கவிடுவது பெரிய கைகாரர்களுக்கே கஷ்டம்.

படி 3: தவ்வலை நிறுத்துங்கள்

கிளட்ச் எவ்வளவு இதமாக இருந்தாலும் வீல் ஹாப் என்ற சக்கரத் தவ்வல் வந்தால் ஆக்சில் பிழைக்காது. டயர் பிடிக்கிறது, ஆக்சில் ஹவுசிங் முறுக்கிக்கொண்டு மேலே எழுகிறது, டயர் விடுபடுகிறது, ஹவுசிங் திரும்பி விழுகிறது, டயர் மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பல முறை. ஒவ்வொன்றும் சம்மட்டி அடி, அதுவும் முன்னும் பின்னுமாக. இந்த அடி தரையிலிருந்து வருகிறது, ஆகவே கிளட்ச் என்ற ஃபியூசால் இதை முழுதாகத் தடுக்க முடியாது.

மஸ்டாங்கில் காரணம் பெரும்பாலும் ஆக்சில் ஹவுசிங்கை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் இளகிய ரப்பர் புஷ்கள். பழைய புஷ்களை மாற்றுவது, கீழ் ஆர்ம்களைப் பெட்டி வடிவில் வலுப்படுத்தியவையாகப் போடுவது, நல்ல ஷாக் அப்சார்பர், டயர் அழுத்தத்தைச் சரிபார்ப்பது. இந்த வரிசையில் செய்யுங்கள். பின்னிரு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கார்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இரண்டாம் தலைமுறை காடிலாக் சிடிஎஸ்-வி காரில் இடது, வலது ஆக்சில்களை வேண்டுமென்றே வெவ்வேறு தடிமனில் செய்தார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் அதிராது, அதனால் தவ்வல் வளராது. அழகான யோசனை.

தவ்வல் இருக்கிறதா என்று தெரிய, நண்பரைப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது தவ்வல் தெரிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். "இந்த ஒரு ரன் மட்டும்" என்று மிதிக்கும்போதுதான் உடையும்.

படி 4: இப்போதுதான் ஆக்சில்

தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் கனத்தைப் (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்து ஏறும். 8.8-உடன் வரும் 28 ஸ்பிளைன் (தண்டின் நுனியில் வெட்டிய பற்கள்) ஆக்சிலின் ஸ்பிளைன் விட்டம் சுமார் 1.21 அங்குலம். 31 ஸ்பிளைன் 1.33, 35 ஸ்பிளைன் 1.5. விட்டம் கூடுவது கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆனால் கனப்படுத்திப் பார்த்தால், அதே உலோகத்தில் 31 ஸ்பிளைன் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலிமை, 35 ஸ்பிளைன் ஏறக்குறைய இரு மடங்கு. 4340 போன்ற அலாய் எஃகில் வாங்கினால் இன்னும் மேல். டிஃபரன்ஷியலின் பக்கக் கியர்களும் அதே ஸ்பிளைனில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு ஆக்சிலை மட்டும் ஆர்டர் செய்கிறவர்கள் நிறைய.

டிஃபரன்ஷியலுக்குப் பதில் ஸ்பூல் போட்டவர்கள் கவனிக்க: இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால், ஒரு டயர் தூக்கிக்கொண்டால் முழு டார்க்கும் மற்ற ஆக்சிலுக்கே போகும். ஸ்பூலும் பழைய 28 ஸ்பிளைனும் சேரவே சேராது. 8.8-இன் இரும்புக் குழாய்கள் நடுப்பகுதி வார்ப்புக்குள் அழுத்திச் செருகப்பட்டவை. பவர் ஏறினால் திரும்பிவிடும், அதனால் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உடைந்தாலும் ஆள் தப்ப வேண்டும்

8.8-இல் ஆக்சிலை உள்ளே பிடித்து வைத்திருப்பது உள்நுனியில் இருக்கும் ஒரு சி-கிளிப். தண்டு நடுவில் உடைந்தால் வெளிப்பாதியைப் பிடிக்க எதுவும் இல்லை. சக்கரம் ஆக்சில் துண்டோடு கழன்று போய்விடும். அதனால்தான் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ-வின் விதிகளில், கால் மைலை 10.99 நொடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் காருக்கு ஆஃப்டர்மார்க்கெட் ஆக்சிலும் அதைப் பிடித்து வைக்கும் அமைப்பும் கட்டாயம். டிஃபரன்ஷியலைப் பூட்டியிருந்தால் நேரம் எதுவானாலும் கட்டாயம்.

ஃப்ளைவீலும் கிளட்சும் இதைவிட ஆபத்தானவை. வெடித்தால் துண்டுகள் உங்கள் கால்களை நோக்கித்தான் வரும். பந்தய பாகங்களுக்கான எஸ்எஃப்ஐ பாதுகாப்புச் சான்று பெற்ற ஃப்ளைவீல், கிளட்ச், அவற்றை மூடும் எஃகு பெல் ஹவுசிங் மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் டிராக்ஸ்டரில் கியர்பாக்ஸ் வெடித்து வண்டி இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. மறு ஆண்டே இன்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த காரோடு வந்து ஜெயித்தார். நம் கார்களில் அந்த வசதி இல்லை.

படி 6: ஓடுதளத்தில்

வரிசையில் நகரும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி ஊராதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் இல்லை. ஒரு முறை கிளம்பும்போது முக்கால் நொடி வழுக்குவதால் கிளட்ச் சாகாது. வரிசையில் இருபது முறை ஊர்ந்து, ஆறாமலே மறுபடி கிளப்பினால் சாகும்.

பர்ன்அவுட்டை (டயரை நின்ற இடத்தில் சுழற்றிச் சூடாக்குவதை) இரண்டாவது கியரில், டயர் நன்றாக நனைந்த பிறகு செய்யுங்கள். ஆர்பிஎம்மை ஏற்றிக் கிளட்சைச் சட்டென்று விட வேண்டிய ஒரே இடம் இது. இங்கே வழுக்க வேண்டியது டயர். முடிக்கும்போது கவனம்: முழு வேகத்தில் சுற்றும் ஈர டயர் திடீரெனக் காய்ந்த ரப்பர் தரையில் ஏறினால் ஆக்சிலுக்கு அது ஒரு சம்மட்டி. ஆக்சிலரேட்டரைக் குறைத்தபடியே வெளியே உருளுங்கள்.

கார் கிளம்பும் கோட்டுக்கு வந்துவிட்டதைக் காட்டும் ஸ்டேஜ் விளக்கை எட்டும் கடைசி அசைவு முன்னோக்கியதாக இருக்கட்டும். பின்னால் உருண்டு நின்றால் கியர், ஜாயிண்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் உள்ள லூஸ் ஒன்றுசேர்ந்து, கிளம்பும்போது ஒரு இடியாக மூடும். அப்புறம் முதல் சில ஓட்டங்களை கிளம்பும் ஆர்பிஎம்முக்கு வரம்பு வைக்கும் டூ-ஸ்டெப் லிமிட்டரில் 3,500 ஆர்பிஎம் போலக் குறைவாக வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 300 கூட்டுங்கள். முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் குறைவது நின்றதும் நீங்களும் நிறுத்திவிடுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கியர் மாற்றும் வித்தையை இந்த வருடம் தொடவே வேண்டாம். ஒவ்வொரு கியருக்கும் படி 1-இன் அடி இன்னொரு முறை விழும்.

படி 7: ஓடிய பிறகு பாருங்கள்

டேட்டா லாகர் இல்லாவிட்டால் டாக்கோமீட்டரை வீடியோ எடுத்தாலே போதும். கிளம்பியதும் ஆர்பிஎம் ஓரளவு இறங்கி, கார் அதை எட்டிப் பிடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தடாலென 2,000-க்கு விழுந்தால் கிளட்ச் அதிகம் கடிக்கிறது. கார் 30 மீட்டர் தாண்டியும் முள் மேலேயே தொங்கினால் கடி போதவில்லை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பெடல், டயர் அழுத்தம், ஆர்பிஎம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஆக்சிலைப் பொருத்தும் முன் நீளவாக்கில் பெயிண்டால் ஒரு நேர்க்கோடு போட்டு வையுங்கள். சீசனுக்கு ஒரு முறை உருவிப் பாருங்கள். கோடு சுற்றிக்கொண்டிருந்தாலோ ஸ்பிளைன் பற்கள் சாய்ந்திருந்தாலோ அந்த ஆக்சில் முடிந்தது. உடைந்தே போயிருந்தால் உடைந்த முகப்பைப் பாருங்கள். கடற்கரையில் அலை விட்டுப்போன வரிகள் போல வளைவுகள் இருந்தால் விரிசல் பல ஓட்டங்களாக வளர்ந்திருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாக இருந்தால் ஒரே அடியில் தாங்காமல் போயிருக்கிறது. அப்படியானால் தடித்த ஆக்சிலை ஆர்டர் செய்வதற்கு முன் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.