அடுத்த ஸ்கேன் வரைக்கும் செய்யக் கூடாதவை

கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில் ஸ்கேன் திரையில் பிள்ளையின் அந்தச் சின்னத் துடிப்பைப் பார்த்துவிட்டு வருகிறோம். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நாலைந்து வாரம் இருக்கும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 18 வாரத்துக்கு மேல்தான் முதல் ஸ்கேனே. வயிறு தெரியாது, அசைவும் தெரியாது. முதல் பிள்ளை என்றால் அசைவு தெரியவே 20 வாரம் ஆகலாம். அதுவரை மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் நான் செய்ததும், இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என்னைச் சுற்றியுள்ள பெண்கள் செய்ததும்தான் இங்கே எழுதியிருப்பவை.

முதலில் டாப்ளர். இரண்டாவது பிள்ளைக்கு 11 வாரம் ஆனபோது, கையில் பிடித்து வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் அந்தக் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். நள்ளிரவு, எல்லாரும் தூங்கிய பிறகு, சோபாவில் படுத்து அடிவயிற்றில் ஜெல் தடவித் தேடினேன். கரகர சத்தம்தான் வந்தது. அப்புறம் ஒரு சீரான துடிப்பு கேட்டது, திரையில் 84 என்று காட்டியது. பிள்ளையின் இதயம் அந்த வாரத்தில் நிமிடத்துக்கு 150க்கு மேல் துடிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். விடியும் வரை அழுதேன். காலையில் கிளினிக் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இது உன் நாடிம்மா" என்றார்.

பிள்ளை அப்போது நாலைந்து சென்டிமீட்டர்தான், இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்கும். பழகிய கைக்கே சில நேரம் சிக்காது. ஆனால் எனக்கு நடந்ததைவிட அதன் மறுபக்கம்தான் பயங்கரம். தன் நாடியையோ நஞ்சுக்கொடியில் ரத்தம் ஓடும் சத்தத்தையோ பிள்ளையின் துடிப்பு என்று நம்பி, ரத்தப்போக்கு இருந்தும் வீட்டிலேயே இருந்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

அடுத்தது மசக்கையை அளவுகோலாக வைப்பது. நேற்று வரை தோசை வாசனைக்கே குமட்டியது, இன்று ஒன்றும் இல்லை என்றால் உடனே பயம் வந்துவிடும். கர்ப்ப ஹார்மோன் 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாகக் குறையும். 12 முதல் 16 வாரத்துக்குள் பலருக்குக் குமட்டல் அடங்கிவிடும். அதற்கு முன்பும் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. வாந்தி இருப்பதால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. கரு நின்றுபோன பிறகும் சில நாள் குமட்டல் தொடரலாம்.

மறுபடி மறுபடி சிறுநீர் டெஸ்ட் செய்வதும் இதே கதைதான். கரு நின்ற பிறகும் கோடு வரும். ஹார்மோன் மிக அதிகமானால், நல்ல கர்ப்பத்திலேயே கோடு வெளிறித் தெரியலாம்.

அவசரப்பட்டு ஐந்தாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்தால் வெறும் பை மட்டும் தெரியலாம். நாள் கணக்கு தவறியிருந்தாலும் அப்படித்தான். ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால், கெட்ட செய்தியை மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நம் வீடுகளில் இன்னொன்று உண்டு. "மூணு மாசம் முடியாம யாருக்கும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்." அக்கம்பக்கத்தில் சொல்லாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் கிளினிக்குக்கும் சேர்த்து மறைக்கிறோமே, அதுதான் தப்பு. முதல் வருகையிலேயே ரத்த வகை, ரத்தசோகை, எச்ஐவி, சிபிலிஸ் எல்லாம் பார்க்கிறார்கள். சீக்கிரம் தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்றும் சிகிச்சை இருக்கிறது. 1994 முதல் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் இலவசம். போனில் *134*550# அழுத்தினால் சுகாதாரத் துறையின் மாம்கனெக்டில் சேரலாம். கர்ப்பிணிகளுக்குப் போனில் தகவல் அனுப்பும், 2014இல் தொடங்கிய இலவசச் சேவை அது.

அப்புறம் பழி. ஆடிக் கூழுக்குப் பானையைத் தூக்கினாய், மாடிப்படி ஏறினாய், அழுதாய் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தன்னையே நொந்துகொள்வது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுவது அது. நீங்கள் பயந்ததாலோ தூங்காததாலோ அப்படி ஆகாது. முதல் கருவை இழந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்தப் பானையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உண்மையான அறிகுறி வந்தும் "அடுத்த வாரம் ஸ்கேன் இருக்கிறதே" என்று காத்திருப்பது. முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒரு பெண்ணுக்காவது லேசாக ரத்தம் படும். அவர்களில் பலருக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கிறது. ஆனாலும் அன்றே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்தால், தோள்பட்டை நுனியில் வலி வந்தால், கண் இருட்டி மயக்கம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். அது வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, இவற்றுக்கும் அன்றே போக வேண்டும்.

என் மூன்றாவது கர்ப்பத்தில் என் கணவர் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார்: ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112, என் ரத்த வகை, கிளினிக் நம்பர். கடைசி வரியில், ராத்திரி எந்த நேரத்திலும் பக்கியை (பின்னால் திறந்த சின்ன வண்டி) எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அண்ணனின் நம்பர்.