பிரஷ் கட்டரில் கொடி சுற்றி கியர் ஹெட் போகாமல் காப்பது எப்படி?

ஐப்பசி மழை விட்டு இருபது நாள் கழித்து எங்கள் தென்னந்தோப்புக்குள் போனால் தரையே தெரியாது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருடா வருடம் பார்ப்பதுதான். வெறும் புல் என்றால் பரவாயில்லை. கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முடக்கத்தான், சிறுபூனைக்காலி எல்லாம் புல்லுக்குள் புகுந்து பின்னிக் கிடக்கும். அதற்குள் பிரஷ் கட்டரை, அதாவது நீளக் குழாயின் முனையில் பிளேடு சுற்றும் புல் வெட்டும் மெஷினை விட்டால் பத்தே நிமிடத்தில் பிளேடுக்கு மேலே பந்து மாதிரி சுற்றிக்கொள்ளும், மெஷின் முனக ஆரம்பிக்கும்.

இரண்டு வருடம் முன்பு என்னுடைய கியர் ஹெட், அதாவது பிளேடைச் சுற்ற வைக்கும் கியர் பெட்டி, இப்படித்தான் போனது. மூன்று நாள் வேலை நின்றது. அப்புறம் மெக்கானிக் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெட்ரோலில் ஆயில் கலப்பது, ஸ்டார்ட் செய்வது, பட்டையை மாட்டுவது எல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை இங்கே சொல்லப் போவதில்லை.

எங்கே சுற்றுகிறது?

மெஷினைப் படுக்க வைத்து பிளேடுக்கு மேலே பாருங்கள். நீளக் குழாயின் முனையில் இருக்கும் உருண்டையான உலோகப் பெட்டிதான் கியர் ஹெட். அதற்குக் கீழே பிளேடைத் தாங்கும் வட்டத் தட்டு, அதாவது மேல் ஹோல்டர். பெட்டி சுற்றாது, தட்டு சுற்றும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. கொடி நுழைவது அங்கேதான்.

உள்ளே ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு. வெளித் தூசி உள்ளே போகாமலும் கிரீஸ் வெளியே வராமலும் தடுப்பது அதுதான். சுற்றிய நார் அந்த ரப்பரை அறுக்கும், உரசி உரசிச் சூடாக்கும். சீல் போனால் கிரீஸ் கசியும். கிரீஸ் இல்லாமல் கியரும் பேரிங்கும் தேயும். நார் இறுகிச் சுற்று குறைந்தால் இன்ஜின் பக்கத்தில் கிளட்ச் வழுக்கி அதுவும் கருகும். ஒரு முழ நாரில் ஆரம்பித்து இத்தனை பாகம் கெடுகிறது.

முதல் வேலை: மெஷின் இல்லாமல் ஒரு நடை

அரிவாளும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு வெட்டப் போகும் இடத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். பாம்புக்காகவும் இது நல்லது. பழைய சொட்டுநீர்க் குழாய், உரச்சாக்கில் இருந்து பிரிந்த பிளாஸ்டிக் இழை, மாடு கட்டிய கயிறு, பன்றிக்கும் மயிலுக்கும் வேலியாகக் கட்டிய பழைய சேலை இதெல்லாம் புல்லுக்குள் கிடக்கும். சேலைத் துணி மாட்டினால் ஒரே சுற்றில் மெஷின் நின்றுவிடும்.

தென்னந்தோப்பில் இன்னொன்றையும் பொறுக்க வேண்டும்: பன்னாடை. மட்டையோடு விழுந்து, மட்டையை எடுத்த பிறகும் புல்லுக்குள் தங்கிவிடும். சல்லடை மாதிரி நெய்த நார் அது, காய்ந்தாலும் உடையாது. என் மெஷினில் சுற்றியவற்றில் கொடிக்கு அடுத்தபடி அதிகம் இருந்தது பன்னாடைதான். வாழை ஊடுபயிர் வைத்திருந்தால் பழைய வாழைத்தண்டின் நாரையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் ஏறிய கொடியை மெஷினால் இழுத்து வெட்ட முயலாதீர்கள். அடியில் அரிவாளால் அறுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் விடுங்கள். பச்சைக் கொடி கயிறு மாதிரி சுற்றும், காய்ந்த கொடி பிளேடு பட்டதும் நொறுங்கும். அவசரப்படாமல் இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

எந்த பிளேடு?

கடையில் பெரும்பாலும் நைலான் ஹெட், மூன்று பல் பிளேடு, 80 பல் பிளேடு மூன்றையும் சேர்த்தே தருகிறார்கள். கொடிக்கு நைலான் ஹெட்டே வேண்டாம் என்பது என் முடிவு. நைலான் கயிறு கொடியை அறுப்பதைவிட இழுப்பதுதான் அதிகம். அது வரப்பு ஓரத்துப் புல்லுக்கும், மரத்தூர் பக்கத்துக்கும், கல் உள்ள இடத்துக்கும் நல்லது. 80 பல் பிளேடு முள்செடித் தண்டுக்கு நன்றாக வேலை செய்யும். பச்சைக் கொடியில் அந்தச் சின்னப் பற்களின் இடுக்கு அடைத்துக்கொள்ளும்.

கொடி கலந்த புல்லுக்கு நான் மூன்று பல் பிளேடு மட்டுமே மாட்டுகிறேன். முனை கூராக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு வெட்டாது, கொடியைப் பிடித்து இழுத்து மேலே அனுப்பும். அரை நாளுக்கு ஒரு தடவை அரம் போடுகிறேன். மூன்று பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள், இல்லையென்றால் பிளேடு ஆடும்.

பிளேடுக்குப் பின்னால் இருக்கும் காப்புத் தகட்டைச் சிலர் இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். கல் காலில் அடிப்பதை ஓரளவு தடுப்பது அதுதான்.

வெட்டும் விதம்

நீளமாக இருப்பதுதான் சுற்றும். இடுப்பு உயரத் தழையை அடியில் ஒரே வெட்டாக வெட்டினால் மூன்று அடி நீளத் தண்டு மொத்தமாகப் பிளேடின் மேல் சாய்ந்து, நேராக அந்த இடைவெளிக்குத்தான் போகும். முதலில் மேல் பாதி, அப்புறம் கீழ்ப் பாதி என்று இரண்டு தடவையாக வெட்டுங்கள். மார்பு உயரம் என்றால் மூன்று தடவை. நேரம் கூடுதலாகும்போல் தோன்றும். நடுவே நிறுத்தி நாரை அறுக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இதுதான் சீக்கிரம் முடியும்.

பிளேடு மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுகிறது. அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள். வெட்டுப்பட்ட தழை இடது பக்கம், ஏற்கெனவே வெட்டிய இடத்தில் விழும். பிளேடின் முன் வலது பக்கத்தைத் தடித்த எதிலும் மோதவிடாதீர்கள், மெஷின் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் தள்ளும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தி முழு வேகம் வந்த பிறகுதான் பிளேடு புல்லைத் தொட வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் அரை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுற்றுவது அதிகமானதற்கு அதுவும் காரணம். வேகம் குறைந்தால் பிளேடு அறுக்காது, இழுக்கத்தான் செய்யும். சத்தம் கனத்து வேகம் இறங்கினால் ஒரு அடி பின்னால் எடுங்கள்.

பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள். ஈரப் புல் காப்புத் தகட்டின் அடியில் களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும்.

சுற்றிவிட்டால்

இன்ஜினை நிறுத்துங்கள். பிளேடு முழுதாக நிற்கட்டும். ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கையில் எடுத்துவிடுங்கள். ஐடிலில் ஓடவிட்டுக் குச்சியால் கிளறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் போகும் வேலை அது. கியர் ஹெட்டும் கை வைக்க முடியாத அளவு சூடாக இருக்கும், தடித்த கையுறை வேண்டும்.

நுனி தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பிளேடை ஓடும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள், பாதி தானாகப் பிரிந்து வரும். மீதியை அறுக்க வேண்டும். இதற்குப் பலரும் பேனாக்கத்தி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. கூர் முனை வழுக்கி உள்ளே போனால் சீலைக் குத்திவிடும். உடைந்த ஆக்ஸா பிளேடில் ஒரு சாண் துண்டை எடுத்து, ஒரு முனையில் சைக்கிள் டியூப் சுற்றிப் பிடியாக்கி வைத்திருக்கிறேன். பல் நாரை நன்றாகப் பிடிக்கும், முனை மொட்டை. நார் சுற்றியதற்குக் குறுக்காக வைத்து இழுத்தால் போதும்.

ஹோல்டரைக் கழற்றுங்கள்

என் கியர் ஹெட் போனதற்குக் காரணமே இந்தப் படியை நான் செய்யாததுதான். வெளியே தெரியும் நாரை எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எடுத்தேன். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. மெக்கானிக் அண்ணன் ஹோல்டரை உருவியபோது அதன் பின்னால், சீலை ஒட்டி, தையல் நூல் கனத்தில் இருந்த நார்கள் கறுத்து, மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தன. சீலின் உதடு பாதி இல்லை. “தம்பி, வெளியே தெரியறது ஒண்ணும் பண்ணாது. இதுதான் ஆளைக் கொல்லும்” என்றார்.

ஆகவே வேலை முடிந்த அன்றே ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். ஹோல்டரின் ஓரத்தில் ஒரு துளை இருக்கும், கியர் ஹெட்டிலும் அதற்கு நேராக ஒன்று இருக்கும். பிளேடைத் திருப்பி இரண்டையும் நேராக்கி, மெஷினோடு வந்த எல் வடிவ சாவியையோ கம்பியையோ செருகினால் தண்டு பூட்டிக்கொள்ளும். இப்போது அடியில் உள்ள நட்டைக் கழற்ற வேண்டும்.

இங்கே நிதானம். அந்த நட்டு இடது மரை. நாம் பழகிய பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். நட்டைப் பார்த்தபடி கடிகார முள் போகும் திசையில், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் அரை மணி நேரம் எதிர்ப்பக்கம் அழுத்தி, ஸ்பேனரில் குழாய் போட்டு நீட்டி, நட்டின் முனைகளை மழுக்கிவிட்டேன். இடது மரை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிளேடு சுற்றும்போது புல் தரும் எதிர்ப்பு நட்டை இறுக்கும் பக்கமே தள்ள வேண்டும். வலது மரையாக இருந்தால் ஓட ஓட நட்டு கழன்று பிளேடு பறந்துவிடும்.

நட்டு வந்ததும் அடிக் கிண்ணம், கீழ்த்தட்டு, பிளேடு, மேல் ஹோல்டர் என்ற வரிசையில் உருவுங்கள். ஒரு செய்தித்தாளில் அதே வரிசையில் வையுங்கள். ஹோல்டர் சிக்கினால் இரண்டு ஸ்க்ரூ டிரைவரை எதிரெதிரே வைத்து மெதுவாக நெம்புங்கள், ஒரே பக்கம் நெம்பாதீர்கள். உள்ளே இருக்கும் நாரை நுனி வளைந்த இடுக்கியால் எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம், அது சீலைத் தாண்டி உள்ளே போகும்.

இதோடு கிரீஸையும் பாருங்கள். கியர் ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். அதைத் திறந்து பார்த்துக் குறைந்திருந்தால் லித்தியம் கிரீஸ் கொஞ்சம் ஏற்றுங்கள். ஏற்றும்போது தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். நெல்லிக்காய் அளவு போதும். நிறையத் திணித்தால் அந்த அழுத்தமே சீலை வெளியே தள்ளும். இருபத்தைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை நான் பார்க்கிறேன்.

தடுப்பு வளையம்

சில கம்பெனிகள் அந்த இடைவெளியை மூடும் வளையத்தைத் தனியாக விற்கின்றன, சில மாடல்களில் கூடவே வரும். உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பி.வி.சி. குழாயில் ஒரு வளையம் அறுத்து மாட்டினேன். கியர் ஹெட் சூட்டில் ஒரே நாளில் இளகித் தொங்கி ஹோல்டரில் உரசியது. பிளாஸ்டிக் வேண்டாம். இப்போது 2 செ.மீ. அகல அலுமினியப் பட்டையைக் கியர் ஹெட்டின் கழுத்தில் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறேன். பட்டையின் கீழ் விளிம்புக்கும் சுற்றும் ஹோல்டருக்கும் நடுவே 2 மி.மீ. விட்டிருக்கிறேன். கிளிப்பின் திருகு குழாய்ப் பக்கம் வருமாறு வைத்தால் அதில் கொடி மாட்டாது. மாட்டியதும் பிளேடைக் கையால் பத்துச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயும் ஒட்டக்கூடாது. தினமும் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள். உங்கள் கியர் ஹெட்டின் வடிவத்தில் பட்டை அசையாமல் நிற்கவில்லை என்றால் வளையமே வேண்டாம், கழன்ற தகடு பிளேடில் விழுவது கொடி சுற்றுவதைவிடப் பெரிய ஆபத்து.

வளையம் போட்ட பிறகும் நார் உள்ளே போகிறது, ஆனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. முன்பு ஒரு காலை வேலையில் ஏழெட்டு தடவை நிறுத்துவேன், இப்போது ஒன்றிரண்டு.

பின்சேர்க்கை 1: நைலான் இழை சுற்றியதை லைட்டரால் எரித்து எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. அதே மெஷினில்தான் பெட்ரோல் டேங்கும் இருக்கிறது. உருகிய நைலான் சீலில் ஒட்டினால் அப்புறம் எடுக்கவும் முடியாது. ஆக்ஸா பிளேடே போதும்.

பின்சேர்க்கை 2: பேட்டரி மெஷின் வைத்திருக்கும் ஒருவர் தன்னுடையதில் எதிர்ப்பக்கம் சுற்றும் பொத்தான் இருப்பதாக எழுதியிருந்தார். மகிட்டாவின் சில மாடல்களில் இந்த வசதி உண்டு. லேசாகச் சுற்றிய புல்லுக்கு நல்ல வசதிதான். ஹோல்டர் பின்னால் போன நாரை அது எடுக்காது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

பின்சேர்க்கை 3: சிறிய கைச் செயின்சா கொண்டு தென்னை மட்டை அறுப்பவர்களுக்கும் இதே தொல்லை. அங்கே நார் போய் அடைவது செயினைச் சுற்றும் பல்சக்கரத்தின் மூடிக்குள். பேட்டரியை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து, மட்டை அறுத்த ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 4: சீல் மாற்றியும் கிரீஸ் கசிகிறது என்று ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். சீல் உட்காரும் இடத்தில் தண்டை விரல் நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னேன். நகம் தட்டுகிற மாதிரி பள்ளம் விழுந்திருந்ததாம். நார் நாள் கணக்கில் உரசி இரும்பையே அரித்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எந்தப் புதுச் சீலும் பிடிக்காது, தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். சீல் வாங்கக் கடைக்குப் போகும் முன் நகத்தை வைத்து ஒரு முறை வருடிப் பார்த்துவிடுங்கள்.