வளர்ச்சி ஆய்வுக்கு நிதி கேட்கும் முன்

நிதி அறிவிப்பைக் கண்டதும் தகுதிப் பகுதியைப் படியுங்கள். எந்த நாடுகளில் வேலை நடக்க வேண்டும், பணம் தனிநபருக்கா நிறுவனத்துக்கா? பொருந்தாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல யோசனையும் இந்த வாசலைத் தாண்டாது.

கனடா நாடாளுமன்றம் 1970இல் உருவாக்கிய ஐடிஆர்சி (சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம்), வளரும் நாடுகளின் ஆய்வுக்கு நிதி தருகிறது. அறிவியல் துறையில் இருப்பவர்கள், 1983இல் தொடங்கப்பட்ட ட்வாஸ் (உலக அறிவியல் கழகம்) அமைப்பின் உதவித்திட்டங்களைப் பார்க்கலாம். எழுத்தில் தடுமாறுபவர்களுக்கு, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு உதவும் ஆத்தர்எய்ட் என்ற இணைய வலையமைப்பில் இலவசமாக வழிகாட்டி கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் முப்பது பக்க விண்ணப்பத்தை அனுப்பி “பார்த்துச் சொல்லுங்கள்” என்றால் யாரும் தொடமாட்டார்கள். ஒரு பக்கச் சுருக்கமும், “இந்த ஆய்வுக் கேள்விக்கு 400 வீடுகளில் தகவல் திரட்டினால் போதுமா?” என்பதுபோல் இரண்டு கேள்விகளும் அனுப்புங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது பட்ஜெட்டில்தான். ‘களப்பணி’ என்று மொத்தத் தொகை போடாதீர்கள். ஒருவர் நாளுக்கு 5 வீடு என்றால் 400 வீட்டுக்கு 80 ஆள்நாள் (ஒருவரின் ஒரு நாள் வேலை ஓர் ஆள்நாள்). பத்தில் ஒரு வீடு பூட்டியிருக்கும் என்று வைத்தால் மறுபடி போக இன்னும் 8. பயிற்சி, கேள்வித்தாளின் முன்சோதனை, மொழிபெயர்ப்பு, தரவு உள்ளீடு தனி வரிகள். அலுவலக வாடகை, நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு நிதியாளர் வைத்த வரம்பையும், அது எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். தவணைகளுக்கிடையே நாணய மதிப்பு மாறினால் யார் ஈடுகட்டுவது என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அது வராமல் களத்தில் இறங்கக் கூடாது. கூட்டாளி நிறுவனத்தின் கடிதத்தில் வெறும் வாழ்த்து இருந்தால் பயனில்லை. யாரைத் தருவார்கள், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள்.